ஒன்றரை அங்குல மேடு

ஜூன் 2, திங்கள்

பஞ்சுக் கம்பெனிக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த டைரி. கடையில் சும்மா கிடந்தது. துணைக்கு வந்திருப்பவர்கள் தினமும் ஏதாவது எழுதினால் மனசு கெட்டுப்போகாது என்று இங்கே ஒரு அம்மா சொன்னார். என் மனசு பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையிலேயே கெட்டுப்போய்விட்டது, இனி கெட என்ன இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இங்கே யாரையும் சிரிக்க வைப்பது கஷ்டம்.

என் பெயர் ஆவுடையப்பன். சங்கரன்கோவிலில் குஷன் கடை. ஆட்டோ சீட், சோபா, ஆம்னி பஸ் சீட் எல்லாம் தைப்பேன். ஊரில் பாதிப்பேர் என் உழைப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், என்னை நினைத்துப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை.

என் மகள் முப்பிடாதிக்கு இருபத்து மூன்று வயது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். ஜனவரியில் அவள் ஸ்கூட்டியின் மேல் ஒரு டிப்பர் லாரி பின்னால் வந்து ஏறியது. இடுப்புக்குக் கீழே தொட்டால் தெரியாது, கிள்ளினால் தெரியாது. கால் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மையத்தில் ஒரு புது வைத்தியம் பரிசோதித்துப் பார்க்கிறார்கள். கத்தி வைப்பதில்லை. முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி, தோல் வழியாகவே தண்டுவடத்துக்குக் கரண்ட் கொடுப்பார்களாம். ஏழு வாரம். கடைசியில் ஒரு சோதனை. கரண்ட் இருக்கும்போது முப்பி தானாகக் காலில் ஏதாவது அசைத்துக் காட்டினால் அடுத்த கட்டத்துக்கு எடுப்பார்கள். அடுத்த கட்டம் என்றால் கம்பிக்கு நடுவில் நிற்க வைப்பது. அசைக்காவிட்டால் சக்கர நாற்காலியோடு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

மையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறோம். முப்பி, என் வீட்டுக்காரி கனி, நான். மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. அது வேண்டுதலுக்குச் சுற்றுகிறது போல.

ஜூன் 4, புதன்

இன்று முதல் கரண்ட். பார்த்துக்கொள்கிற பிசியோப் பெண் பெயர் பெனாசிர். முப்பியைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும், ஆனாலும் முப்பியை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அதட்டுவதில் என் மாமியாரைவிட இருபது வயது கூட.

ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விளக்குத் திரியைப் போட்டுக் காட்டினாள்.

“அங்கிள், தண்டுவடம் உள்ள இப்படித்தான் தண்ணிக்குள்ள மிதக்குது. மல்லாக்கப் படுத்தா முதுகுப் பக்கமா இறங்கும். ஸ்டிக்கருக்குப் பக்கத்துல வந்திரும், கரண்ட் நல்லாப் பிடிக்கும். குப்புறப் படுத்தா வயித்துப் பக்கம் போயிரும், எட்டாது. உட்கார்ந்தா ஒரு மாதிரி, நின்னா ஒரு மாதிரி.”

“படுக்கதுக்குக் கூடவா இம்புட்டுப் படிப்பு?”

“படுக்கிறதுதான் படிப்பே. அதனால தினமும் அக்கா ஒரே மாதிரிதான் படுக்கணும். தலையணைகூட மாத்தக் கூடாது. சரியா?”

சரி என்று தலையாட்டினேன். பாட்டிலை நான் வாங்கி இன்னும் இரண்டு முறை சாய்த்துப் பார்த்தேன்.

அப்புறம் கனியிடம் ஒரு காகிதம் கொடுத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தினமும் வெளிச்சத்தில் முதுகையும் இடுப்புக்குக் கீழேயும் பார்க்க வேண்டும். சிவப்பாக எதைப் பார்த்தாலும் உடனே சொல்ல வேண்டும். அது கனி வேலை. வளர்ந்த பிள்ளையின் உடம்பை அப்பன் பார்ப்பது முறை இல்லை. அவள் துணியை விலக்கும்போதெல்லாம் நான் வாசலில் நின்று தெருநாய்களின் குடும்ப விவகாரத்தைக் கவனித்துக்கொண்டிருப்பேன்.

ஜூன் 11, புதன்

கட்டைவிரல் அசைந்தது. வலது கால்.

நான் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெனாசிர் “யா அல்லா” என்று மெதுவாகச் சொன்னாள். கனி என் தோளில் அடித்தாள். மறுபடி செய்யச் சொன்னார்கள். முப்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூக்கு நுனி வேர்க்க, என்னவோ மலையைத் தள்ளுகிறவள் போல முக்கினாள். விரல், துணிக்கு அடியில் எறும்பு போகிற மாதிரி ஒரு இழை அசைந்தது.

“நான்தாம்மா செஞ்சேன். எனக்குத் தெரியுது, அது நான்தான்,” என்று முப்பி அழுதாள். கனியும் அழுதாள். பெனாசிர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஐந்து மாதம் கழித்து ஒரு விரல். அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. இதை வைத்துக்கொண்டு எவன் நிற்க வைப்பான்?

ஜூன் 12, வியாழன்

விரல் இன்று இரண்டு தடவை. பூதக்கண்ணாடி வாங்கலாமா என்று கேட்டேன். முப்பி மட்டும் சிரித்தாள்.

ஜூன் 16, திங்கள்

கனிக்கு லீவு முடிந்துவிட்டது. அங்கன்வாடி வேலை, போகாவிட்டால் வேலையே போய்விடும். பஸ் ஏறுகிறவரை சொல்லிக்கொண்டே போனாள்.

“ராத்திரி திருப்பிப் போடணும், தூங்கிராதிய. குளிப்பாட்ட குணவதியக்கா வரும். முதுகைப் பாருன்னு தெனமும் அதுகிட்ட நீங்கதான் சொல்லணும். வாயைத் தொறந்து சொல்லுவியளா?”

“சொல்லுதேன்.”

“ஊரு சிரிக்கப் பேசத் தெரியும். இதைப் பேசுவியளா?”

“சொல்லுதேன்னு சொல்லுதேன்லா.”

பஸ் போனபின் டீக்கடையில் உட்கார்ந்து அந்த பாட்டிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். மல்லாக்கப் படுத்தால் தண்டுவடம் ஸ்டிக்கர் பக்கம் வருகிறது. சரி. அப்படியானால் இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் இன்னும் பக்கத்தில் வராதா? முப்பது வருஷமாக மனுஷ முதுகுக்கு மேடு பள்ளம் போட்டுத்தான் பிழைக்கிறேன். டிரைவர் சீட்டில் இடுப்புக்கு ஒன்றரை அங்குலம் ஏற்றிக் கொடுத்தால் திருச்சி வரை வலிக்காமல் போகிறான். படித்தவர்கள் எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார்கள், உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

கரண்ட் கொடுக்கிற கட்டிலின் ரெக்சின் நாலு இடத்தில் கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார்கள். பார்க்கிற எனக்கே அவமானம். நான் சும்மா தைத்துத் தருகிறேன் என்று பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டேன். சந்தோஷமாகச் சரி என்றார்கள். இன்று மையம் விடுமுறை. காலையில் ஆரம்பித்து மாலைக்குள் முடித்துவிட்டேன். நீல ரெக்சின், இரட்டைத் தையல், மூலையில் சுருக்கம் இல்லை.

உள்ளே இடுப்பு படுகிற இடத்தில் கெட்டிப் பஞ்சு ஒரு பட்டை, ஒன்றரை அங்குலம். ஓரத்தைக் கத்தியால் சீவிச் சீவி ஒன்றும் இல்லாமல் கரைத்துவிட்டேன். கையை வைத்துத் தடவினாலும் தெரியாது. அதுதான் தொழில்.

மிச்சப் பஞ்சில் அறைக் கட்டிலுக்கும் அதே மாதிரி ஒரு திண்டு செய்தேன். புது சோபா உட்கார உட்காரத்தான் படியும். உடம்பும் அப்படித்தானே. ராத்திரியெல்லாம் அதில் படுத்துப் பழகினால் பகலில் இடுப்பு தானாக அந்த வாட்டத்துக்கு வரும்.

முப்பி, “இது என்னப்பா?” என்றாள்.

“டாக்டர் சொன்னது,” என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

உதைத்தாள்.

கரண்டை வழக்கமான அளவுக்கு ஏற்றியதும் வலது கால் முழங்காலோடு மடங்கி, படாரென்று நீண்டது. பெனாசிரின் கையில் இருந்த பேனா பறந்தது. மறுபடியும் கரண்ட், மறுபடியும் உதை. ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில் தனக்கோடி கையைத் தட்டினார். விழுப்புரம் பக்கத்துக்காரர், மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். அவர் மகன் ஜோதிமுருகனும் முப்பி மாதிரிதான், மரத்திலிருந்து விழுந்தவன். ஹாலே கை தட்டியது. நான் கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவன் மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டேன்.

பெனாசிர் மட்டும் கை தட்டவில்லை. மிஷினையும் ஸ்டிக்கரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அறைக்கு வந்ததும் முப்பி சொன்னாள். “ப்பா, அதை நான் ஆட்டல.”

“பெறவு பக்கத்து வீட்டுக்காரனா ஆட்டினான்?”

“அது தானா ஆடுது. அந்த விரல் நான் ஆட்டினது. இது எனக்குத் தெரியவே இல்ல. நீங்க கை தட்டுனதுக்கப்புறந்தான் என் காலு ஆடிருக்குன்னே தெரிஞ்சுது.”

“உனக்குத் தெரியாமத்தான் மொதல்ல ஆடும். பெறவு தெரியும்.”

“அப்படின்னு யாரு சொன்னா?”

“நான்தாம்ட்டி சொல்லுதேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு.

ஜூன் 27, வெள்ளி

உதைக்கிறதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். வயர் தெரியாமல் எடுத்தேன், பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாது அல்லவா. சுரண்டையிலிருந்து மைத்துனன் பேசினான், “அத்தான், அடுத்த மாசம் டான்ஸ் கிளாஸ்ல சேத்துருவிய போலுக்கே,” என்றான். கனி போனில் அழுதாள். லேபிலிருந்து இரண்டு பெண்கள் பேசினார்கள். முப்பி போனை வாங்காமல் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே கூச்ச சுபாவம்.

பெனாசிர் வந்து, “உதை பெருசாயிட்டே போகுது அங்கிள். ஆனா விரலை மடக்கச் சொன்னா இப்ப வர மாட்டேங்குது. நாலு நாளா வரல,” என்றாள்.

விரலா முக்கியம்? முழுக் காலே வருகிறது.

ஜூலை 1, செவ்வாய்

குணவதியக்கா குளிப்பாட்டிவிட்டு வாசலுக்கு வந்தது. “அண்ணே, பாப்பாவுக்கு இடுப்புக்குக் கீழ, அந்த எலும்பு மேல, செவந்து கெடக்குது. பாத்துச் சொல்லுங்க.”

“வேர்க்குருவா இருக்கும்க்கா. இந்த ஃபேன் காத்துல எருமைக்கே வேர்க்கும்.”

“அழுத்துனா வெளுக்கல அண்ணே. அவங்ககிட்ட சொல்லிருங்க.”

பவுடர் டப்பாவைக் கொடுத்துப் போடச் சொன்னேன். டாக்டரிடம் சொன்னால் இரண்டு நாள் கரண்டை நிறுத்திவிடுவார்கள். மூன்று வாரத்தில் சோதனை. வேர்க்குருவுக்கெல்லாம் கச்சேரி வைக்க முடியுமா.

குணவதியக்கா நாளையிலிருந்து ஒரு வாரம் வராது. பேரனுக்குக் காது குத்து. அதுவரை சட்டை நைட்டி மட்டும் மாற்ற, எங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிற அம்மா வரும். கண் சரியாகத் தெரியாத கிழவி, ஆனால் சாம்பார் நன்றாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

“ப்பா, ராத்திரி மட்டும் இந்தத் திண்டை எடுத்திருங்களேன். கழுத்து இழுக்கு. திருப்பிப் போட்டாலும் மறுபடி சரிஞ்சு அதுமேலயே வந்து விழுதேன்.”

“சோதனை வரைக்கும் பொறுத்துக்கோ.”

“பெனாசிர் கிட்ட கேட்டியளா? அவ சொன்னாளா?”

“எல்லாம் கேட்டுத்தான் செய்யுதேன்.”

உதை இன்று கட்டிலின் கம்பியில் பட்டது. அவளுக்கு வலிக்கவில்லை. எனக்குத்தான் வலித்தது. அந்த வலியும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 5, சனி

அறையில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியில் தேடினேன், இல்லை. திண்டு ஒட்டிய கம் பசையின் வாடையாக இருக்கும், புழுக்கத்தில் இளகியிருக்கும். விரிப்பில் உள்ளங்கை அளவு ஈரம். யூரின் பை கசிந்திருக்கும். விரிப்பை மாற்றினேன். துவைத்தும் கறை போகவில்லை. என் துவைப்பின் லட்சணம் அப்படி.

ஊதுபத்தி வாங்கி வைத்தேன். மல்லிகை.

ஜூலை 7, திங்கள்

முப்பிக்குக் காய்ச்சல். சாப்பாடு வேண்டாம் என்கிறாள். மாத்திரை கொடுத்தேன். கரண்டுக்குப் போக வேண்டாம் என்றாள், நாற்காலியில் தூக்கி வைத்துக் கொண்டுபோனேன். அங்கே போனபோது நம் கட்டிலில் ஜோதிமுருகனைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர்கள் கட்டிலில் ஏதோ பழுது. கரண்ட் கொடுத்ததும் அவனும் உதைத்தான். ஐந்து வாரமாகச் சும்மா கிடந்த கால்.

தனக்கோடி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “கட்டில் ராசிங்க. உங்க கை ராசி,” என்றார். பட்டை விஷயத்தை நான் சொல்லவில்லை. புன்னகையோடு நின்றேன்.

பெனாசிர் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 9, புதன்

முப்பிக்கு இன்று காய்ச்சல் விட்டிருந்தது. பெனாசிர், “அக்காவைக் குப்புறப் போட்டு ஒரு தடவை அளக்கணும் அங்கிள். இந்த உதை எங்கேருந்து வருதுன்னு பார்க்கணும். குப்புறப் போட்டாலும் இதே மாதிரி வந்தா, இது நாங்க தேடுறது இல்ல,” என்றாள். திரையை இழுத்தார்கள். நான் வழக்கம்போல வெளியே வந்து தனக்கோடியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ ஜோக் சொன்னார். நான் பதிலுக்கு ஒன்று சொல்ல வாயெடுத்தேன்.

திரைக்குள் சத்தம் நின்றுபோனது.

“அங்கிள், உள்ள வாங்க.”

“இல்லம்மா, நீங்க பாருங்க.”

“உள்ள வாங்க.”

போனேன். முதலில் வாடைதான். அறையில் இருந்த அதே வாடை. பிறகு பார்த்தேன். எழுதிவிடுகிறேன். இடுப்புக்குக் கீழே, எலும்பு இருக்கிற இடத்தில், ஒரு உள்ளங்கை அளவு. நடுவில் கறுப்பு. சுற்றிலும் சாம்பல் நிறம். ஓரத்தில் சீழ். என் திண்டு எந்த அகலமோ அந்த அகலம்.

முப்பி கேட்டாள், “என்னது? ஏன் யாரும் பேச மாட்டேங்கிய?”

பெனாசிர் முப்பியை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தச் சொல்லிவிட்டு, கட்டிலின் மேல் இரண்டு கையையும் வைத்து, முழு பலத்தையும் கொடுத்து அழுத்திக்கொண்டே வந்தாள். இடுப்பு இடத்தில் கை நின்றது. கத்தரிக்கோலை எடுத்து ரெக்சினை வெட்டினாள். இரட்டைத் தையல், சீக்கிரம் விடவில்லை. நல்ல தையல் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. பட்டையை உருவி என் கையில் கொடுத்தாள்.

“அறையிலயும் இருக்கா?”

“இருக்கு.”

“எத்தனை நாளா?”

நான் சொல்வதற்கு முன்னால் முப்பி சொன்னாள், தலையணைக்குள் முகத்தை வைத்தபடியே. “கட்டில் தச்ச அன்னையிலருந்து. டாக்டர் சொன்னதுன்னு அப்பா சொன்னாங்க.”

பெரிய டாக்டரம்மா வந்தார்கள். திட்டவில்லை. “நெளிஞ்சு படுத்தா கரண்ட் வேற நரம்பைப் பிடிக்கும். நேரா தசைக்குப் போற நரம்பு. செத்த தவளைக்குக் கரண்ட் வச்சாலும் அது உதைக்கும். இந்தக் கட்டில்ல அளந்தது எல்லாமே குப்பை. உங்க பொண்ணோடது மட்டும் இல்ல, எல்லாரோடதும்,” என்றார்கள்.

பெனாசிர் வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. “அந்த விரல் அவங்களோடது அங்கிள். இந்த உதை அவங்களோடது இல்ல. நான் அந்த விரலை எங்க போய்த் தேடுவேன்?”

ஜூலை 10, வியாழன்

முப்பியை மையத்து வார்டிலேயே சேர்த்துவிட்டார்கள். இட்லி வாங்கினேன். யாரும் சாப்பிடவில்லை.

ஜூலை 12, சனி

கனி வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை, அவளே விசாரித்துக்கொண்டு வார்டுக்கு வந்துவிட்டாள். புண்ணைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். வெளியே வந்தாள்.

“குணவதியக்கா சொன்னாளாமே. செவந்துருக்குன்னு சொன்னாளாமே.”

“வேர்க்குருன்னு நெனச்சேன்.”

“பாத்தியளா?”

“நான் எப்படிப் பாப்பேன், கனி? பொம்பளப் பிள்ள.”

“பாக்க வெக்கம். அவ காலு ஆடுறதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்ப வெக்கம் இல்ல.”

அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நான் ஒரு ஜோக்கை யோசித்து வைத்திருந்தேன், அவள் வந்ததும் சொல்ல. என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

செத்த தசையை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்கவில்லை. அவளுக்கு அங்கே வலி தெரியாதாம், அதனால் தேவை இல்லையாம். குப்புறப் படுத்து நர்ஸோடு பேசிக்கொண்டே இருந்தாள். வாசலில் எனக்குக் கேட்டது.

“சிஸ்டர், கறிக்கடையில கத்தி தீட்டுற சத்தம் மாதிரி இருக்கு. அரைக் கிலோ தேறுமா?”

என் மகள்தான். சந்தேகமே இல்லை. நர்ஸ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஜூலை 23, புதன்

இன்று சோதனை நாள். முப்பிக்கு இல்லை. பெயரை எடுத்துவிட்டார்கள். புண் ஆறும்வரை குப்புறவும் ஒருக்களித்தும்தான் படுக்க வேண்டும். மூன்று மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

குப்புறப் படுத்தபடியே கரண்ட் வைத்துப் பார்க்க முடியாதா என்று பெனாசிரிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த பாட்டிலை எனக்கு மறுபடி காட்ட வேண்டுமா என்று யோசித்தவள் போல. பிறகு முப்பி கேட்டாள், “ஒரே ஒரு தடவை, பெனாசிர்.” பெனாசிர் மிஷினைக் கொண்டுவந்து வைத்தாள். புண்ணுக்கு மேலே, தள்ளி, ஸ்டிக்கர் ஒட்டினாள். கரண்டை ஏற்றினாள்.

“வலது கட்டைவிரல். மடக்குங்க அக்கா.”

முப்பியின் காது சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தலையணையைக் கடித்துக்கொண்டாள்.

“அசைஞ்சுதா?”

“இல்லக்கா.”

“மறுபடி வைங்க.”

வைத்தாள். விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைத் துடைக்கவில்லை. கண்ணை இமைக்கவும் இல்லை. ஒன்றும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிற ஏழு வாரத்தில் முப்பியின் இடத்தை ஜோதிமுருகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்கு முதலிலிருந்து அளக்கப் போகிறார்கள். கட்டில் வேறு.

ஜூலை 29, செவ்வாய்

கனி ஊருக்குப் போய்விட்டாள், வேலைக்கு. போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை, “கட்டுப் போடப் படிச்சுக்கோங்க.”

இன்று முதன்முதலாகக் கட்டை நானே போட்டேன். நர்ஸ் பக்கத்தில் நின்றாள். கையுறை போட்டு, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை உள்ளே வைத்துத் திணிக்க வேண்டும். பஞ்சு திணித்துப் பழகிய கைதான். துணி பாதியிலேயே நின்றது.

“எவ்வளவு ஆழம் இருக்குப்பா?”

“கொஞ்சம்தான். ஆறிரும். இதைவிட ஆழமா ஆட்டோ சீட்டுல எலி தோண்டிருக்கு, நான் தச்சு...”

“சிரிப்புக் காட்டாதிய. விரலை வைச்சுப் பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது, நீங்க சொன்னாத்தான் தெரியும்.”

வைத்தேன். அவளுக்குத் தெரியவில்லை, என் விரல் அவள் உடம்புக்குள் இருப்பது.

“ரெண்டாவது கணு வரைக்கும் போகுது.”

“அடியில என்ன தெரியுது?”

“எலும்பு.”

“ம்,” என்றாள். “இனிமே இப்படியே சொல்லுங்க.”

ஆகஸ்ட் 6, புதன்

மத்தியானம் தனக்கோடி வார்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. முப்பி குப்புறப் படுத்திருந்தாள், கட்டு மாற்றுகிற நேரம், போர்வை போட்டிருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஆனால் கதவு திறந்துதான் இருந்தது.

“எப்படிக் கேக்கறதுன்னு தெரில. பையனுக்கு ரெண்டு வாரமா ஒண்ணும் வர்ல. அந்தக் கட்டில்ல உதைச்சான் இல்ல, அன்னிக்கு ஒரு நாளு, அதோட சரி. உங்க கையில அந்தப் பட்டை இருக்குதுன்னு சொன்னாங்க.”

“அது வேண்டாம்ங்க.”

“நான் பாத்து வெப்பேங்க. ராத்திரி வெக்க மாட்டேன். கரண்ட் வெக்கறப்ப மட்டும், அந்தப் பொண்ணு திரும்பற நேரத்துல...”

“அது உதையே இல்லங்க. டாக்டரம்மா சொன்னாங்க, செத்த தவளை...”

“டாக்டருங்க சொல்லுவாங்க. என் கண்ணால பாத்தேன் நான். என் புள்ள காலு எழுந்துச்சு.” அவர் குரல் மாறியது. “உங்க பொண்ணுக்கு இடம் போச்சு, சரி. அதுக்காக என் பையனுக்கும் வரக் கூடாதுன்னு நெனைக்காதீங்க. நான் உங்களை அப்படிப்பட்டவரா நெனைக்கல.”

அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. கட்டிலுக்கு அடியில் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியதையும் எழுதிவிடுகிறேன்.

உள்ளேயிருந்து முப்பி கூப்பிட்டாள்.

“ப்பா. அவங்களை உள்ள வரச் சொல்லுங்க.”

வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றார்.

“பரவால்லம்மா, நீ படுத்துக்க,” என்றார். அவள் வேறு எப்படி இருக்க முடியும்.

“ப்பா, துணியை எடுத்துக் காட்டுங்க.”

“முப்பி...”

“காட்டுங்க.”

“வெளி ஆம்பளை, தாயி.”

“நீங்க பாக்காததாலதான இது. அவராவது பாக்கட்டும்.”

தனக்கோடி, “வேணாம்மா, நான் கெளம்பறேன்,” என்று திரும்பினார். “நில்லுங்க சார்,” என்றாள் முப்பி. சத்தம் போடவில்லை. லேபில் ரத்தம் எடுக்க வந்தவர்களை உட்காரச் சொல்கிற குரல். அவர் நின்றார்.

நான் போர்வையை விலக்கினேன். நைட்டியை மேலே ஏற்றினேன். இருபத்து மூன்று வருஷத்தில் வேறொரு ஆண் முன்னால் என் மகளுக்கு நான் செய்வேன் என்று நினைத்த எந்தக் காரியத்திலும் இது சேர்ந்தது இல்லை. பிளாஸ்திரியை உரித்தேன். உள்ளே இருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தேன். நீளமாக வந்துகொண்டே இருந்தது.

தனக்கோடி பார்த்தார். கையில் இருந்த ஆப்பிள் பை கசங்குகிற சத்தம் கேட்டது.

“ரெண்டாவது கணு வரைக்கும் விரல் போகும். இப்ப கொஞ்சம் கொறஞ்சிருக்கு,” என்றாள் முப்பி. “எனக்கு வலிக்காது. உங்க பையனுக்கும் வலிக்காது.”

அவர் பையை நாற்காலியில் வைத்தார். அது சரிந்து ஒரு பழம் உருண்டது. எடுக்கக் குனியவில்லை. போய்விட்டார்.

நான் கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தேன்.

“போயிட்டாரா?”

“போயிட்டாரு.”

“கதவைச் சாத்திட்டு வந்து மூடுங்கப்பா. குளிருது.”

இடுப்புக்குக் கீழே அவளுக்குக் குளிர் தெரியாது. ஏன் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தினேன்.